மக்கரோனியும் இறைச்சி உருண்டையும்: நம்ம கரைக்கு வந்த சாப்பாட்டின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு இது. பிள்ளைகளை உறங்க வைத்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உம்மா வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு பேசியது தெரிந்தது.

"டீச்சர், புள்ள வேற ஒண்டும் திங்கிறாளில்ல. மக்கரோனிய அவிச்சு, பீஃப சின்னச் சின்ன உருண்டையா உருட்டிப் போட்டுக் குடுத்தா மட்டும் கோப்பைய வழிச்சுத் திங்கிறாள். அத வெள்ளக்காரன்ட சாப்பாடு எண்டு மாமியூட்டு ஆக்கள் ஏசுறாங்க. அகதி முகாமில வளந்தவளுக்கு ஊர்ச் சாப்பாடு எப்பிடித் தெரியும் எண்டும் சொல்லிட்டாங்க. நான் செய்யிறது பிழையா டீச்சர்?"

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வரலாறு படிப்பிக்கிறவள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

*மக்கரோனி யாருடைய சாப்பாடு?*

"மார்க்கோ போலோ சீனாவிலிருந்து இத்தாலிக்கு நூடில்ஸ் கொண்டு வந்தார், அதிலிருந்து பாஸ்தா வந்தது" என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அது கட்டுக்கதை. மார்க்கோ போலோ வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295இல். அதற்கு 16 வருடம் முன்பே, 1279இல், ஜெனோவா நகரில் ஒரு படைவீரனின் சொத்துப் பட்டியலை எழுதிய நொத்தாரிசு, "ஒரு பெட்டி நிறைய மக்கரோனி" என்று குறித்து வைத்திருக்கிறார்.

அதற்கும் முந்திய சாட்சி ஒரு முஸ்லிம் அறிஞருடையது. சிசிலித் தீவில் இரண்டாம் ரோஜர் என்ற கிறிஸ்தவ அரசரின் சபையில் இருந்த புவியியலாளர் அல் இத்ரீஸி 1154இல் தன் உலக வரைபட நூலை முடித்தார். பலர்மோவுக்குப் பக்கத்தில் உள்ள திராபியா என்ற ஊரைப் பற்றி அதில் எழுதும்போது, அங்கே தண்ணீரால் சுற்றும் மாவாலைகள் இருப்பதாகவும், 'இத்ரிய்யா' ஏராளமாகச் செய்யப்படுவதாகவும், அது கப்பல் கப்பலாக முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் போவதாகவும் சொல்கிறார்.

இத்ரிய்யா என்பது கோதுமை மாவைப் பிசைந்து, நூல் போல இழுத்து, வெயிலில் காய வைத்த பண்டம். 9ஆம் நூற்றாண்டு அகராதி ஒன்றிலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. ஏன் காய வைத்தார்கள்? கருவாடு போடுகிற நம்ம கரை ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காய்ந்தது கெடாது. மாதக்கணக்கில் கப்பலிலும் ஒட்டகத்திலும் போகிறவனுக்கு அதுதான் சாப்பாடு. கொதி தண்ணீர் இருந்தால் போதும்.

ஆக, காய்ந்த பாஸ்தா பெரிய வியாபாரப் பண்டமாக இருந்ததற்கு நம்மிடம் உள்ள தெளிவான பழைய சாட்சியை அரபியில் எழுதி வைத்தவர் ஒரு முஸ்லிம். இதை நான் பெருமை பேசச் சொல்லவில்லை. "வெள்ளைக்காரன் சாப்பாடு" என்ற பேச்சு எவ்வளவு மேலோட்டமானது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

*உருண்டை எங்கிருந்து வந்தது?*

பக்தாத் நகரில் முஹம்மத் பின் ஹஸன் அல் பக்தாதி என்பவர் 1226இல் ஒரு சமையல் நூல் எழுதினார். மங்கோலியர் பக்தாதை அழித்தது 1258இல். அதற்கு 32 வருடம் முந்திய நூல் அது. அதில் 'ரிஷ்தா' என்று ஒரு பண்டம் வருகிறது. ரிஷ்தா என்றால் பாரசீகத்தில் நூல். கொழுப்புள்ள இறைச்சியோடு கறுவாப்பட்டை, கடலை, பருப்பு சேர்த்து வேக வைத்து, மாவைப் பிசைந்து தட்டி நாலு விரல் நீளத்துக்கு வெட்டி அதில் போட்டு அவிப்பது. இறைச்சியும் மா நூலும் ஒரே சட்டியில்.

அதே நூலில் 'புந்துக்கிய்யா' என்றும் ஒன்று இருக்கிறது. புந்துக் என்பது ஒரு வகைக் கொட்டை, ஏறக்குறைய நம்ம ஊர்ச் சின்ன நெல்லிக்காய் அளவு. கொத்திய இறைச்சியை அந்த அளவுக்கு உருட்டிச் சமைப்பதால் அந்தப் பெயர். நாம் கோஃப்தா என்று சொல்கிறோமே, அதுவும் பாரசீகச் சொல்தான். இடிப்பது, நசுக்குவது என்று பொருள். இறைச்சியை உரலில் இட்டு இடித்த காலத்துப் பெயர் அது.

பிள்ளைக்கு உருண்டை உருட்டிக் கொடுக்கிற அந்த உம்மாவுக்கு இதைச் சொன்னேன்: "தங்கச்சி, நீங்க செய்யிறத எண்ணூறு வருஷத்துக்கு முந்தி பக்தாதில செஞ்சிருக்காங்க."

*நம்ம கரை*

1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது நம்ம புத்தளத்தில். 'பத்தாலா' என்று எழுதுகிறார். சின்ன அழகான ஊர், மரத்தால் மதில், மரத்தால் கோபுரங்கள் என்கிறார். ஆரியச் சக்கரவர்த்தி அப்போது இங்கே இருந்தார். அவருக்குப் பாரசீகம் விளங்கியது என்றும், மூன்று நாள் தன்னை விருந்தாளியாக வைத்துக்கொண்டார் என்றும் எழுதுகிறார். பிறகு பாவா ஆதம் மலைக்குப் போக வழித்துணையும் கொடுத்து அனுப்பினார்.

இப்னு பதூதா குறித்த இன்னொரு விடயம், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தது. மஃபர், மலபார் ஆட்கள் அதை விலை கொடுக்காமல் எடுத்துப் போவார்களாம். அரசருக்குத் துணிமணி அன்பளிப்பாகக் கொடுத்தால் போதுமாம்.

அவர் இங்கே ரிஷ்தா சாப்பிட்டார் என்று எழுதவில்லை. நானும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்தாதில் ரிஷ்தாச் சட்டிக்குள் போட்ட அதே வாசனைப் பட்டை நம்ம கரையில் விறகு மாதிரிக் குவிந்து கிடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். சாமான் போகிற பாதையில் மனிதர் போவார்கள், மனிதர் போகிற பாதையில் சமையலும் போகும்.

மாவை நூலாக்குவது நமக்கும் புதிதில்லை. அரிசி மாவை உரலில் பிழிந்தால் இடியப்பம். அக்கரையில் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் 'தக்கடி' செய்வார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பூவும் பிசைந்து பிடித்து இறைச்சி ஆணத்தில் போட்டு வேக வைப்பது. மா உருண்டை, இறைச்சி, ஆணம், ஒரே சட்டி. அந்த ஊர்களோடு நம்ம கரைக்குக் கொண்டான் கொடுத்தான் உறவு எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள்.

*பாணும் கட்லட்டும்*

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். காலையில் நாம் கறி தொட்டுச் சாப்பிடுகிற 'பாண்' அவர்களுடைய சொல். அது வைக்கிற மேசையும், நாம் குந்துகிற கதிரையும் அவர்கள் சொல்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாயைக் கீழைக் கடற்கரைகளுக்குப் பரப்பியவர்களும் அவர்களே. கொச்சிக்காய் என்கிறோமே, அந்தப் பெயருக்குள் கொச்சித் துறைமுகம் இருக்கிறது. அதற்கு முன் இந்த மண்ணில் உறைப்பென்றால் மிளகுதான். கொச்சிக்காய் போடாத கறியை இன்று "ஊர்க்கறி" என்று யாராவது சொல்வார்களா?

1659இல் ஒல்லாந்தர் கற்பிட்டியைப் பிடித்தார்கள். 1667க்கும் 1676க்கும் இடையில் அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. அவர்கள் கொண்டு வந்த இறைச்சி உருண்டைக்குப் பெயர் ஃப்ரிக்கடெல். கொழும்பில் வாழையிலையில் கட்டி விற்கிற லம்ப்ரைஸ் பொதியைத் திறந்தால், ஆணத்தில் ஊறிய சோற்றின் பக்கத்தில் சின்னதாக உருண்டு கிடக்கிறதே, அதுதான். ஒல்லாந்தர் அதே பெயரை ஜாவாவுக்கும் கொண்டு போனார்கள். அங்கே அது 'பெர்கெடெல்' ஆகி, இறைச்சியை விடக் கிழங்கு கூடியதாகிவிட்டது.

பிறகு ஆங்கிலேயர் காலத்தில் 'கட்லட்' என்ற பெயர் வந்தது. அவர்கள் ஊரில் அது விலா எலும்போடு வெட்டிய இறைச்சித் துண்டு. நம்ம ஊரில் அது மீனும் கிழங்கும் உருட்டி, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்த உருண்டை. நோன்பு திறக்கிற மேசையில் பேரீச்சம்பழத்துக்கும் கஞ்சிக்கும் பக்கத்தில் கட்லட் இல்லாவிட்டால் நம்ம ஆட்களுக்கு முகம் சுருங்கும். யாரும் அதை வெள்ளைக்காரன் சாப்பாடு என்று தள்ளி வைத்ததை நான் காணவில்லை.

*இத்தாலியர்களும் ஒரு காலத்தில் வந்தவர்கள்தான்*

பாஸ்தாவுக்குத் தக்காளிச் சாறு என்பது ஆதி காலத்து வழக்கமல்ல. தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துக் காய். கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வந்து, ரொம்ப நாள் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டு, பிறகுதான் பாஸ்தாவோடு சேர்ந்தது. இத்தாலியில் தெராமோ என்ற பகுதியில் கடலை அளவுக்கு இறைச்சி உருட்டிப் பாஸ்தாவில் போடுவார்கள். 'பல்லொத்தினே' என்று பெயர். சின்ன உருண்டைகள் என்றுதான் அர்த்தம்.

1880க்கும் 1920க்கும் இடையில் ஏறக்குறைய 40 இலட்சம் இத்தாலியர் வறுமையால் ஊரை விட்டு ஐக்கிய அமெரிக்காவுக்குப் போனார்கள். சொந்த ஊரில் பெருநாளைக்கு மட்டும் கண்ட இறைச்சி, அங்கே உழைக்கிற காசுக்குக் கிடைத்தது. உருண்டை பெரிதானது, ஸ்பகெட்டியின் மேல் ஏறியது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்தச் சாப்பாடு அப்படிப் பிறந்தது. அப்போது அங்கிருந்த படித்தவர்கள் சிலர் இந்தக் குடியேறிகளின் சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பூண்டு நாற்றம், கலவைச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஆகாது என்றார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாடே அதுதான்.

*கோதுமை மா எப்படி நம்ம குசினிக்குள் வந்தது?*

கோதுமை இங்கே விளைவதில்லை. அது நம்ம தட்டுக்கு வந்தது பசியின் வழியாக.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். நம்ம நாடு தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. அது நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் குண்டு விழுந்தது. அந்த வருடமே அரிசி பங்கீட்டுக்கு வந்தது, பற்றாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. நம்ம பாட்டிமார் ரொட்டி தட்டப் பழகியது, மாவை அவித்து அரித்து இடியப்பம் பிழியப் பழகியது எல்லாம் அப்படிப்பட்ட காலங்களில்தான்.

1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் நின்றது. 1970களின் நடுவில் விடிய முதல் பாண் வரிசையில் நின்றதை நம்ம வாப்பாமார் இன்னும் சொல்வார்கள். 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு கோதுமை மா ஒரு தட்டுப்பாட்டுச் சாமான் என்ற நிலை மாறி, எல்லாக் கடையிலும் கிடக்கிற சாமானானது.

பிறகு 1990.

அந்த ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். அதிகமானோர் வந்து சேர்ந்தது நம்ம மாவட்டத்துக்கு. மன்னார்த் தீவு ஆட்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அந்த முதல் நாட்களில் நம்ம ஊர் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்து விட்டது, கிடாரம் வைத்துச் சோறாக்கியது. அதை யாரும் மறுக்க முடியாது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நாட்கள் வருடங்களாயின. கிடுகுக் கொட்டில்களில் நிவாரணச் சாமானில் வாழ்க்கை: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி. ஆம்பிளைகளும் பொம்பிளைகளும் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள். வேலை, காணி, பள்ளிக்கூடத்தில் இடம் என்று வந்தபோது நம்ம வாய்களில் ஒரு சொல் ஏறிக்கொண்டது. அகதி.

*நான் சொல்ல வேண்டியது*

முதலில் சொன்னேனே, இன்னொரு காரணம் இருக்கிறது என்று.

அப்போது எனக்கு எட்டு வயது. என் வகுப்பில் மன்னாரிலிருந்து வந்த பிள்ளை ஒன்று சேர்ந்தாள். ஒரு நாள் இடைவேளையில் அவளுடைய டப்பாவைத் திறந்தாள். கோதுமை மாவைச் சின்னச் சின்னதாக உருட்டிப் பருப்பு ஆணத்தில் அவித்தது. நான் எட்டிப் பார்த்து, "அகதி உருண்டை" என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவள் டப்பாவை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டதை நான் காணவில்லை. அடுத்த வருடம் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

என் வீட்டில் அன்று இரவு என்ன சாப்பாடு தெரியுமா? கட்லட்.

முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த டப்பா மூடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். அவளும் மன்னிக்க வேண்டும்.

அதனால்தான் இவ்வளவு எழுதினேன். நம்ம கோப்பையில் இருக்கிற எதுவும் கடல் தாண்டாமல் வரவில்லை. பாண் வந்தது, கொச்சிக்காய் வந்தது, தக்காளி வந்தது, கோதுமை வந்தது. நம்ம மூதாதையரில் பலரும் இதே கரையில் வள்ளத்திலிருந்து இறங்கியவர்கள்தான். சிலர் முந்தி இறங்கினார்கள், சிலர் பிந்தி இறங்கினார்கள். முந்தி இறங்கியவர் பிந்தி இறங்கியவரைப் பார்த்து "நீ வந்தவன்" என்று சொல்வதற்கு இந்தக் கரையில் யாருக்கு உரிமை இருக்கிறது?

சாப்பாடு எப்போது ஊர்ச் சாப்பாடாகிறது? ஒரு உம்மா அதைத் தன் பிள்ளைக்கு ஆக்கிக் கொடுக்கிற நாளில். ஆளும் அப்படித்தான். இங்கே பிள்ளை பெற்று, இங்கே மையத்து அடக்கி, 35 வருடமாக இருக்கிறவரை இன்னும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறோம்?

*ஒரு விடயத்தில் மூத்தவர்கள் சொல்வது சரி*

கோதுமை மாச் சாப்பாட்டை மூன்று வேளையும் கொடுக்கக் கூடாது என்பது சரியான கவலை. வெள்ளை மாவில் நார்ச்சத்துக் குறைவு. நாம் விளைவிக்காத தானியத்தில் தொங்கினால் என்ன நடக்கும் என்று 2022இல் பாண் விலையில் பார்த்தோம். ஆகவே வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் இதே உருண்டையைச் சிவப்பரிசி இடியப்பத்தை உதிர்த்து அதில் போட்டுக் கொடுங்கள். என் வீட்டில் பிள்ளைகள் வித்தியாசம் பார்க்காமல் சாப்பிடுகிறார்கள்.

கேட்டவர்களுக்காகச் செய்முறை:

கொழுப்புக் குறைந்த கொத்திய பீஃப் அல்லது கோழி 250 கிராம். பாண் துண்டு ஒன்றைப் பாலில் ஊற வைத்துப் பிழிந்து சேருங்கள், உருண்டை மெத்தென்று வரும். துருவிய வெங்காயம், கொஞ்சம் இஞ்சி வெள்ளைப்பூடு, மிளகு ஒரு சிட்டிகை, உப்பு, பாதி முட்டை. பிசைந்து அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உருட்டும்போது உடையாது. கையில் எண்ணெய் தடவிச் சின்ன நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, கொஞ்ச எண்ணெயில் பிரட்டி எடுங்கள்.

அதே சட்டியில் வெங்காயம், ஒரு துண்டு கறுவா, ஒரு துண்டு ரம்பை வதக்கி, நன்றாகப் பழுத்த தக்காளி நாலு, துருவிய கரட் ஒன்று போட்டுக் கரைய விடுங்கள். உருண்டைகளைப் போட்டு மூடிச் சிறு நெருப்பில் 15 நிமிடம். மக்கரோனியை உப்புத் தண்ணீரில் தனியாக அவித்து வடித்துக் கலந்துவிடுங்கள். உறைப்பு வேண்டிய பெரியவர்களுக்குக் கொச்சிக்காய்த் தூள் பிறகு போடலாம்.

மூன்று நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உருண்டையை முழுதாகக் கொடுக்காதீர்கள், நசுக்கிக் கொடுங்கள். தொண்டையில் சிக்கும்.

அந்தத் தங்கச்சிக்கு இதையெல்லாம் சொன்ன பிறகு அவர் அனுப்பிய பதிலோடு முடிக்கிறேன். அவரிடம் கேட்டு, அனுமதியோடுதான் போடுகிறேன்.

"டீச்சர், முகாமில இறைச்சி இல்லாத நாள்ல எங்கட உம்மா மாவ இப்பிடித்தான் சின்னச் சின்னதா உருட்டி பருப்பாணத்துல போடுவாங்க. அதப் பாத்துத்தான் நான் உருட்டப் பழகினன். இப்ப அல்லாஹ்ட உதவியால என்ட புள்ளைக்கு இறைச்சியில உருட்டுறன்."

உறவுகளே, உங்கள் வீட்டில் நிவாரண மாவில், பங்கீட்டு மாவில் என்ன ஆக்கினார்கள் என்று உம்மம்மாமாரிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கச் சேர்த்து வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

ஒரு வேண்டுகோள். நாளைக்கு யாராவது ஒரு பிள்ளை டப்பாவைத் திறக்கும்போது பக்கத்துப் பிள்ளை சிரிக்காதிருக்க, இன்றைக்கு வீட்டில் நம்ம வாயைக் கொஞ்சம் காத்துக்கொள்வோம். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.